பிடித்து வைத்த சீட்டு தானாக விடுபட: ரெடிஸில் லீஸ் அமைப்பது எப்படி?

ஆன்லைனில் டிக்கெட் எடுக்கும்போது, தேர்ந்தெடுத்த சீட்டு சில நிமிடங்களுக்கு நம் பெயரில் நிற்கும். பணம் கட்டாமலே பிரௌசரை மூடிவிட்டால்? நெட் போய்விட்டால்? எதிர்முனை நின்றே போய்விட்டதா, பதில்தான் தாமதமாகிறதா என்று சர்வரால் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் எதைக் கொடுத்தாலும் கெடு வைத்தே கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் லீஸ். 1989-இல் கேரி கிரே, டேவிட் செரிட்டன் இருவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு பரவலான முறை இது. தகவலைக் கீ, மதிப்பு என்ற ஜோடிகளாக நினைவகத்தில் வைக்கும் மென்பொருளான ரெடிஸில் இதைச் செய்து பார்ப்போம்.

படி 1: பிடித்தல்

காட்சி எண்ணும் சீட்டு எண்ணும் சேர்ந்தது கீ. ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும் ஒரு ரேண்டம் டோக்கன் அதன் மதிப்பு. செட் கட்டளையோடு என்எக்ஸ் (ஏற்கெனவே இல்லையென்றால் மட்டும் எழுது), இஎக்ஸ் 300 (300 விநாடியில் அழி) இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். முதலில் எழுதிவிட்டு அப்புறம் கெடு வைக்கலாம் என்று இரண்டு கட்டளையாகப் பிரிக்காதீர்கள். நடுவில் புரோகிராம் நின்றால் அந்த சீட்டை யாராலும் வாங்க முடியாது. ரெடிஸ் 2.6.12 முதலே இதை ஒரே கட்டளையில் செய்யலாம்.

படி 2: கெடுவைச் சொல்லுதல்

"10:05 வரை" என்று அனுப்பாமல், "இன்னும் 300 விநாடி" என்று அனுப்புங்கள். பயனரின் போன் கடிகாரம் சரியாக ஓடும் என்று நம்ப முடியாது. 2006-இல் ஓயாசிஸ் என்ற தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட டபிள்யூஎஸ்-ரிசோர்ஸ்லைஃப்டைம் என்ற வெப் சர்வீஸ் தரத்தில், கெடுவை மாற்றக் கேட்டால் புதிய கெடுவோடு சர்வரின் தற்போதைய நேரமும் பதிலில் வரும். கழித்துப் பார்த்தால் மீதி நேரம் கிடைத்துவிடும். நல்ல ஏற்பாடு.

படி 3: நீட்டித்தல்

பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் ஒருமுறை நீட்டிக்கலாம். அதற்கும் உச்சவரம்பு வையுங்கள்.

படி 4: விடுவித்தல்

பலர் கோட்டை விடும் இடம் இதுதான். கவிதாவின் கெடு முடிந்துவிட்டது. அதே சீட்டை குமார் பிடித்துவிட்டார். கவிதா தாமதமாக 'ரத்து' அழுத்துகிறார். கீயை அப்படியே அழித்தால் போவது குமாரின் சீட்டு! அழிக்கும் முன் டோக்கன் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பார்ப்பதும் அழிப்பதும் ரெடிஸுக்குள்ளேயே ஓடும் ஒரே லுவா ஸ்கிரிப்டுக்குள் இருக்கட்டும். அது ஓடும்போது வேறு கட்டளை குறுக்கே வராது. நீட்டிப்புக்கும் இதே சோதனை வேண்டும்.

படி 5: கடைசிக் காவல்

கெடு முடிந்தபின் பணம் வந்து சேரலாம். எனவே விற்பனையைப் பதியும் டேட்டாபேஸ் டேபிளில் காட்சி, சீட்டு இரண்டுக்கும் சேர்த்து யூனிக் கட்டுப்பாடு (அதே ஜோடி இரண்டாவது முறை பதிவாகக் கூடாது என்ற விதி) போடுங்கள். இரண்டாவது பதிவு தோற்றால் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள். ரெடிஸை மட்டும் நம்பி ஒரு சீட்டையும் விற்காதீர்கள்.

சோதனை

கெடுவை 10 விநாடியாகக் குறைத்து, ஒரு சீட்டைப் பிடித்துவிட்டு, மீதி விநாடியைக் காட்டும் டிடிஎல் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் -2 என்று காட்டினால் கீ அழிந்துவிட்டது, சரி. -1 என்று வந்தால் கீ கெடு இல்லாமல் நிற்கிறது. படி 1-இன் கட்டளையை மறுபடி பாருங்கள்.