வள்ளம்களி பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஓணம் என்றால் வள்ளம்களி, அதாவது கேரளத்துப் படகுப் போட்டி, வள்ளம்களி என்றால் ஆலப்புழை என்று கணக்குப் போட்டுக்கொண்டு திருவோணத்தன்று புன்னமடைக் காயலில் போய் நின்றால், ஹவுஸ்போட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அங்கே நடக்கும் நேரு டிராபி போட்டி 1952ல் நேரு வந்துபோனதையொட்டித் தொடங்கியது, நட்சத்திரம் பார்த்து நடப்பதில்லை. பல வருடம் ஆகஸ்ட் இரண்டாம் சனிக்கிழமை நடந்தது. அதையும் நம்பி ரயில் டிக்கெட் போடாதீர்கள். 2018ல் வெள்ளத்தால் நவம்பருக்குப் போனது, 2024ல் வயநாடு நிலச்சரிவால் செப்டம்பர் 28, 2025ல் ஆகஸ்ட் 30.

ஓணத்தோடு ஒட்டியது வேண்டுமென்றால் ஆறன்முளைக்குப் போங்கள். ஆவணி உத்திரட்டாதி, அதாவது திருவோணம் கழிந்து நாலாம் நாள், பம்பை ஆற்றில். செங்கன்னூரில் இறங்கினால் பக்கம். நம்மாழ்வார் பாடிய திருவாறன்விளை இதுதான்.

அங்கே போய் "யார் ஜெயிச்சாங்க?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பது அடுத்த தவறு. போட்டி உண்டு, பரிசும் உண்டு, ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது அங்குள்ள கோயிலின் பார்த்தசாரதிக்குச் செய்யும் வழிபாடு. படகைக்கூடப் படகு என்று சொல்ல மாட்டார்கள், பள்ளியோடம். ஒவ்வொன்றும் ஒரு கரைக்காரர்களுடையது, அதாவது ஆற்றோரத்து ஓர் ஊர்க்காரர்களுடையது. செருப்புக் காலோடு ஏறக் கூடாது, கரையில் கட்டிக்கிடக்கிறதே என்று செல்ஃபிக்காக ஏறவும் கூடாது. 2021ல் ஒருவர் ஷூவோடு ஏறிப் போட்டோ எடுத்தது போலீஸ் கேஸ் வரை போனது.

வள்ளசத்யையும் அப்படித்தான், நினைத்த நேரத்தில் இலை போட்டு உட்கார முடியாது. அது பள்ளியோடக்காரர்களுக்கு வழிபாடாகக் கொடுக்கும் விருந்து. இலையில் அறுபதுக்கு மேல் வகை. துடுப்புப் போட வந்தவர்கள் இன்னது வேண்டும் என்று பாட்டிலேயே கேட்பார்கள், கேட்டது இலைக்கு வந்தாக வேண்டும். எல்லோரும் உட்காரலாம் என்றால் அது அஷ்டமி ரோகிணியன்று, அதாவது கிருஷ்ண ஜயந்தியன்று நடப்பது.

சரி, ஆலப்புழைக்குத்தான் போவேன் என்றால் தாமதமாகப் போகாதீர்கள். சுண்டன் வள்ளங்களின், அதாவது நீளமான பாம்புப் படகுகளின் ஓட்டம் மதியத்துக்கு மேல்தானே என்று நான் ஒருமுறை சாவகாசமாகப் போய், அன்று முழுக்கப் பார்த்தது முன்னால் நின்றவர்களின் குடையைத்தான். காலையிலேயே போனால் வெப்பு, இருட்டுகுத்தி மாதிரிச் சின்ன வள்ளங்களையும் பார்க்கலாம், அதுகளும் போட்டிக்கு வந்தவைதான்.

அப்புறம், வள்ளத்தின் பேரை வைத்து அணியை எடைபோடாதீர்கள். வள்ளம் ஊருடையது, துடுப்புப் போடுவது கிளப். பள்ளாத்துருத்தி போட் கிளப் 2023ல் வீயபுரம் சுண்டனில் வந்து ஜெயித்தது. மறுவருடம் காரிச்சாலில் ஏறி அதே வீயபுரத்தைத் தோற்கடித்தது. 4 நிமிடம் 29.785 நொடி, வீயபுரம் 29.790. கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாத வித்தியாசம், பக்கத்தில் நிற்பவரிடம் பந்தயம் கட்டிவிடாதீர்கள்.

சின்னப் படகு வாடகைக்குப் பிடித்து நெருங்கிப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சுண்டன் வரும்போது நடுவில் நிற்பவர்கள் பலகையில் இடிக்கிற சத்தம்தான் முதலில் கேட்கும், உடனே உங்கள் படகிலிருக்கிற அத்தனை பேரும் அந்தப் பக்கமாக எழுந்து சாய்வார்கள். நீங்கள் உட்கார்ந்தே இருங்கள், லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு.