தோலைப் பார்க்கும்போது கண்ணை விட்டுவிடாதீர்கள்

தோல் பிரிவுக்கு வரும் மருத்துவ மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, படையின் பெயரைச் சொன்னதும் பரிசோதனையை முடித்துவிடுவது. படை முகத்தில் இருந்தால் அடுத்து கண்ணைப் பார்த்தே ஆக வேண்டும்.

முதலில் தொழுநோய். 1955-இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையம் இருக்கும் வேலூரில் படித்துவிட்டு இதில் தவறக் கூடாது. கன்னத்துப் படை சிவந்து வீங்கியிருந்தால் கண்ணை மூட வைக்கும் ஏழாம் நரம்பு (முக நரம்பு) பாதிக்கப்படலாம். மாணவர்கள் "கண்ணை இறுக்கி மூடுங்க" என்கிறார்கள். இறுக்கினால் தளர்ந்த தசைகூடச் சமாளித்துவிடும். குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு அம்மாவுக்கு அப்படித்தான் 'சரி' என்று எழுதியிருந்தார்கள். "தூங்குற மாதிரி லேசா மூடுங்கம்மா" என்றேன். இமைகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளைக் கீற்று. "ராத்திரி கண்ணு தொறந்தே இருக்குன்னு வீட்டுல சொல்றாங்க" என்றார். எவ்வளவு நாளாக என்று கட்டாயம் கேளுங்கள். பாதிப்பு வந்து 6 மாதத்துக்குள் என்றால் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து மீட்க வாய்ப்புண்டு. நாள்பட்டால் அறுவை சிகிச்சை வரை போகும்.

சிவந்த கண்ணில் வலி இல்லையே என்று நிம்மதி அடைவது அடுத்த தவறு. கண்ணுக்கு உணர்ச்சி தரும் ஐந்தாம் நரம்பு போயிருந்தால் கருவிழியில் தூசி விழுந்தாலும் தெரியாது. பேசிக்கொண்டே எத்தனை முறை இமைக்கிறார் என்று கவனியுங்கள். மரப்புச் சொட்டு விடும் முன்பே, பஞ்சு இழையைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுபோய்க் கருவிழியைத் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம் அக்கி. நம் ஊரில் பலர் அக்கி எழுதிக்கொண்டு, நெற்றி நிறையக் காவியோடுதான் வருவார்கள். அவர்களைத் திட்ட வேண்டாம், திட்டினால் மறுமுறை வரமாட்டார்கள். ஈரத்துணியால் மெல்லத் துடைத்துவிட்டு மூக்கு நுனியைப் பாருங்கள். அங்கே கொப்புளம் இருந்தால் கண்ணுக்குள்ளும் பாதிப்பு வர வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டாலும் கண் தப்பியது என்று எழுதிவிடாதீர்கள். பெரியவர்களுக்கு வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிர் 800 மி.கி., நாளைக்கு 5 முறை. முடிந்தவரை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

வலிப்பு மாத்திரைக்குப் பின் வாய் வெந்து, தோல் உரிந்து வந்தால் அன்றே கண் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தாமதித்தால் இமை விழியோடு ஒட்டிக்கொள்ளும்.

இமை அரிப்புக்கு "என்ன களிம்பு போட்டீங்க?" என்று கேட்டால் "மெடிக்கல்ல குடுத்தாங்க" என்பார்கள். ட்யூபையே எடுத்து வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பாக இருக்கும். இமையில் மாதக்கணக்கில் பூசினால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் விழலாம். மெல்ல ஏறும் அழுத்தம் வலிக்காது, அளந்தால்தான் தெரியும்.