ஃபான்கோனி அனீமியா சந்தேகமா? சைட்டோகைன் டெஸ்டுக்கு ஓடுறதுக்கு முன்னாடி இத பாருங்க

ஃபான்கோனி அனீமியான்னா எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குறது கொறஞ்சு போற பிறவி நோய். நம்ம மார்த்தாண்டம் குலசேகரம் பக்கம் இப்ப நெட்ல படிச்சிட்டு "அதுல டிஎன்எஃப் ஆல்ஃபா, இண்டர்ஃபெரான் காமான்னு சைட்டோகைன் கூடுதலா இருக்குமாம், எங்க பாக்கலாம்"னு கேக்குறாங்க. அதுக்கு இப்ப காசு களைய வேண்டாம். ஒரு காய்ச்சல் வந்தாலே அதுவும் ஏறும், அத வச்சு நோய முடிவு பண்ண முடியாது.

ஆனா அது உள்ள என்ன செய்யுதுன்னு தெரிஞ்சு வச்சிக்கிடுங்க. சைட்டோகைன்னா நோய் எதிர்ப்பு செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி விடுற புரதம். ஃபான்கோனில டிஎன்ஏ பழுத சரிபண்ணுற ஜீன் பிறவியிலேயே கேடு, அப்படி 20-க்கு மேல ஜீன் கண்டுபிடிச்சிருக்காங்க. பழுது சேரச் சேர மஜ்ஜையில இந்த சேதியும் கூடுது, டிஎன்எஃப் போயி ரத்தம் உண்டாக்குற ஸ்டெம் செல்லுல இன்னும் டிஎன்ஏவ ஒடைக்குது, மத்தவங்க செல்லு தாங்குற அளவே இவங்க செல்லு தாங்காம சாவுது, போதாததுக்கு டிஜிஎஃப் பீட்டான்னு ஒண்ணு மிச்சம் இருக்கதையும் வளர விடாது.

குழப்பம் எங்கன்னா, பிறவியில இல்லாம இடையில வர்ற அப்ளாஸ்டிக் அனீமியாவுலயும் இதே இண்டர்ஃபெரான் காமா உண்டு. அதுக்கு ஏடிஜி, சைக்ளோஸ்போரின்னு மருந்து குடுத்து டி செல்லுங்குற நோய் எதிர்ப்பு செல்ல அடக்குனா நெறைய பேருக்கு கேக்கும். ஃபான்கோனிக்கு கேக்காது, ஏன்னா மூலம் ஜீன்ல கெடக்கு. ரெண்டையும் பிரிக்காம மருந்து தொடங்க விடாதீங்க.

பிரிக்கது எப்படி? பெருவிரல், உயரம், தோல்ல காப்பி நிற திட்டு, கிட்னி ஸ்கேன் எல்லாம் பாக்கணும், ஆனா ஒரு குறையும் இல்லாத பிள்ளைகளும் உண்டு கேட்டியளா. கேக்க வேண்டிய டெஸ்டு குரோமோசோம் பிரேக்கேஜ், டிஇபி இல்லன்னா மைட்டோமைசின்னு ரசாயனம் போட்டு குரோமோசோம் எவ்வளவு ஒடையுதுன்னு பாப்பாங்க. ரத்தம் ஹெப்பாரின் டியூப்ல, பச்சை மூடி, போகணும். ரத்த அணு எண்ணுற சாதா சிபிசிக்கு எடுக்க ஊதா மூடியில எடுத்தா செல்ல வளக்க முடியாது, திரும்ப குத்தணும். ரத்தத்துல தெளிவா வரல, ஆனா சந்தேகம் போகலன்னா தோல் செல்லுல பாக்கச் சொல்லுங்க. ஆசாரிப்பள்ளம் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில காட்டி எழுதி வாங்கிட்டு திருவனந்தபுரமோ வேலூரோ, ரத்தநோய்க்குன்னே உள்ள டாக்டர்ட்ட போங்க.

காய்ச்சல் 100.4 தாண்டுனா வீட்டுல வச்சு கசாயம் குடுத்துட்டு இருக்காதீங்க, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி. தேவையில்லாம எக்ஸ்ரே, சிடி எடுக்க வேண்டாம். மஜ்ஜை மாத்துற யோசனை இருந்தா சித்தப்பா மாமன்னு சொந்தக்காரங்க ரத்தத்த ஏத்தாதீங்க, பிறகு மஜ்ஜை ஒத்துக்கிடாம போற ஆபத்து கூடும்.

கூடப்பிறந்தவன் மஜ்ஜை பொருந்துதுன்னு சந்தோசப்படுறதுக்கு முன்னாடி அவனுக்கும் அதே பிரேக்கேஜ் டெஸ்டு பண்ணணும், அப்பா அம்மா ரெண்டு பேரும் கேரியர்னா, அதாவது நோய் இல்லாம அந்த கேடான ஜீன சுமக்குறவங்கன்னா, ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு, மாமன் மகள கெட்டுன வீட்டுல இந்த டெஸ்ட விடவே கூடாது.