கொலுசுக் கடை வலைத்தளத்துக்கு ஒரு அரைமணி நேர வேலை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சித்தப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுக் கடை. காசு கொடுத்து வலைத்தளம் போட்டும் கூகுளில் தேடினால் வரவே இல்லை என்று புலம்பினார். திறந்து பார்த்தேன், எல்லாப் பக்கத்துக்கும் தலைப்பு ஒன்றுதான், ‘ஹோம்’. தேடல் முடிவில் நீல எழுத்தில் பெரும்பாலும் வருவது இந்தத் தலைப்புதான், அதில் ஊரும் இல்லை சரக்கும் இல்லை என்றால் கூகுள் எதை வைத்து நம்மைக் காட்டும்?

‘வெள்ளிக் கொலுசு மொத்த விலை, செவ்வாய்ப்பேட்டை, சேலம்’ என்று மாற்றினோம். குழந்தைக் கொலுசு, மெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம், தனித் தலைப்பு. முகவரியும் போன் நம்பரும் பேனர் படத்துக்குள் இருந்தன, அதையும் எழுத்தாகவே டைப் செய்து போட்டோம்.

அப்புறம் சர்ச் கன்சோல், வலைத்தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் கருவி. இலவசம்தான். மக்கள் எந்தச் சொல்லைத் தேடும்போது உங்கள் பக்கம் தெரிந்தது என்று அதில் பார்க்கலாம். நாம் ‘பாதசரம்’ என்று அழகாக எழுதி வைத்திருப்போம், வருகிறவர்கள் ‘கொலுசு டிசைன்’ என்று தேடியிருப்பார்கள். அவர்கள் சொல்லையே பக்கத்தில் எழுதுங்கள்.

மெட்டா கீவேர்டு, அதாவது பக்கத்தின் நிரலுக்குள் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் தேடல் சொற்கள், போட்டுத் தருகிறேன் என்று யாராவது தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுளே 2009-இல் சொல்லிவிட்டது.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவர்களுக்கும் இதே வேலைதான். கூகுள் மேப்பில் கடை நேரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். மாற்றியதும் மறுநாளே தெரியாது, சில வாரம்கூட ஆகலாம்.