கோவளத்து அலைக்குப் போகுமுன் பையில் வைக்க வேண்டியவை

சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அலைச்சறுக்கு பழகத் தொடங்குபவர், பலகைக்கு அடுத்தபடியாகத் தயங்காமல் செலவிட வேண்டியது கணுக்காலில் கட்டும் லீஷ் கயிற்றுக்குத்தான். அதன் நீளம் ஏறத்தாழப் பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 8 அடிப் பலகைக்கு 6 அடிக் கயிற்றைக் கட்டினால், நாம் விழுந்தவுடன் பலகை துள்ளித் திரும்பி நம்மீதே மோதக்கூடும். கயிற்றைப் பலகையோடு பிணைக்கும் மெல்லிய நூல், பலகையின் விளிம்பைத் தாண்டி நீளாதபடி முடிச்சிட வேண்டும். நீண்டால், இழுபடும்போது அது விளிம்பையே அறுத்துவிடும்.

நம் கடல்நீர் வெதுவெதுப்பானது என்பதால், கால் வழுக்காமலிருக்கப் பலகையின் மேல் தேய்க்கும் வாக்ஸ் (மெழுகு) கட்டிகளில் 'டிராபிக்கல்' (வெப்பமண்டலம்) என்று அச்சிடப்பட்டதையே வாங்குங்கள். குளிர்நீருக்கான வாக்ஸ் இங்கே குழைந்து வழுக்கும். முதலில் கெட்டியான அடிப்பூச்சைச் சிறு வட்டங்களாகத் தேய்த்து, குருணை குருணையாகப் புடைப்புகள் எழுந்த பிறகே மேல்பூச்சைத் தடவ வேண்டும். அது நாளடைவில் வழவழப்பானால், வாக்ஸ் சீப்பால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடலாம். (வெயிலில் நிற்கும் காருக்குள் அந்தக் கட்டியை மறந்துவிட்டால் இருக்கைத் துணியைக் காப்பாற்றுவது கடினம்.)

பலகையில் விழும் விரிசலை அடைக்க, வெயில் பட்டால் இறுகும் ரெசின் (பிசின்) குழாய் ஒன்று போதும். ஆனால், தெர்மாகோல் போன்ற நுரையாலான பலகைக்கு எப்பாக்ஸி வகையே ஏற்றது. பாலியெஸ்டர் ரெசின் அந்த நுரையைக் கரைத்துவிடும். பலகையின் அடியில் உள்ள மீன்துடுப்பு போன்ற துடுப்புகளின் திருகை முடுக்கச் சிறிய ஆலன் சாவி (அறுகோணத் திருகுச் சாவி), உடலை ஒட்டி அணியும் முழுக்கை ராஷ்கார்டுச் சட்டை, வெயிலிலிருந்து முகத்தைக் காக்கத் துத்தநாகப் பசை ஆகியவையும் தேவை. அலைகளை எண்ணிக் காட்டும் கைக்கடிகாரத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.