மவுஸை அசைத்தால் மட்டும் திக்கிய விளையாட்டு

செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில் மாலை இடி மின்னலுக்குக் குறைவில்லை. கணினி விளையாட்டு திக்கித் திக்கி ஓடியபோது, வீட்டில் எல்லோரும் மின்சாரத்தைத்தான் குறை சொன்னார்கள். அண்ணன் மகனோ, "புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிவிடுங்கள், சித்தப்பா" என்று தீர்ப்பே எழுதிவிட்டான். அவன் பணமா போகிறது?

எனக்குச் சந்தேகம் வேறு. விசைப்பலகையால் மட்டும் நடந்தால் படம் வழுக்கிக்கொண்டு போனது. மவுஸைத் திருப்பினால் உடனே வெட்டி வெட்டி நின்றது. ஆகவே கார்டு குற்றவாளி இல்லை. என் மவுஸ் நொடிக்கு 8000 முறை தன் நகர்வைக் கணினிக்குச் சொல்லும் வகை. ஒவ்வொரு தகவலையும் பிராசசர் வாங்கிக் கையாள வேண்டும். பழைய பிராசசருக்கும் பழைய விளையாட்டுகள் பலவற்றுக்கும் அது தாங்காது. மவுஸின் மென்பொருளில் 1000 ஹெர்ட்ஸாகக் குறைத்தேன். திக்கல் நின்றது. அதுவே மில்லிநொடிக்கு ஒரு தகவல். விளம்பரம் என்ன சொன்னாலும், அதற்கு மேல் என் கை உணராது.

திரையில் மவுஸின் குறி மட்டும் அவ்வப்போது தாவியது. கணினிப் பெட்டியின் பின்புறம் குனிந்து பார்த்தால், மவுஸின் கம்பியில்லா ரிசீவர் யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் வயரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. யூஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழும்; இத்தகைய ரிசீவர்களும் அங்கேதான் பேசுகின்றன. நீட்டிப்பு வயர் மாட்டி, ரிசீவரை மேசைமேல் மவுஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். தாவல் போயிற்று.

விண்டோஸில் சுட்டியின் துல்லியத்தைக் கூட்டுவதாகச் சொல்லும் தேர்வையும் அணைத்துவிட்டேன். அது இருந்தால் கையின் வேகத்துக்கேற்ப குறி ஓடும் தூரம் மாறும். மவுஸின் நகர்வை விண்டோஸ் மாற்றாமல் நேரடியாக எடுத்துக்கொள்ளும் 'ரா இன்புட்' முறையைப் பயன்படுத்தும் விளையாட்டுகளுக்கு இது பொருட்டில்லை.