பழகிய ஊரில் புதியதைக் காண: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தினமும் கண்ணில் படும் ஒன்று, திடீரென்று ஒரு நாள் புரிந்துவிடும்போது வரும் மகிழ்ச்சியே தனி. குமரி மாவட்டத்தில் அதற்கு வாய்ப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. நம் சில பழக்கங்கள்தாம் குறுக்கே நிற்கின்றன.

முதலாவது, கிடைத்த முதல் பதிலோடு நின்றுவிடுவது. கன்னியாகுமரியில் பல நிற மணலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். பகவதி அம்மனின் திருமணம் நின்றுபோனதால், சமைக்காமல் விட்ட அரிசியும் பருப்பும் மணலாயின என்பது கதை. அதைக் கேட்டுத் தலையாட்டுகிறவரும் சரி, மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறவரும் சரி, குனிந்து மணலை அள்ளுவதில்லை. ஒரு கையில் கருமணலையும் மறு கையில் வெள்ளை மணலையும் அள்ளிப் பாருங்கள், கருப்பு கனக்கும். கருப்பாக இருப்பது இல்மனைட் என்னும் கனிமம்; சிவப்பாக இருப்பது கார்னெட் என்னும் கனிமம். இலேசான மணலை அலை அரித்துக்கொண்டு போக, கனமானவை கரையில் தங்குகின்றன. அந்தக் கதையைச் சொன்னவரும் நிறங்களை உற்றுப் பார்த்தவர்தான் என்பதால் எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

அடுத்த தவறு, வேலை தெரிந்தவரிடம் கேட்காமல் இருப்பது; கேட்டாலும் பரீட்சை வைப்பதுபோலக் கேட்பது. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் மரப்பட்டையில் உள்ள வெட்டுக்கோட்டைக் கவனியுங்கள். மரத்துக்கு எதிரே நின்றால், கோடு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரிந்து, ரப்பர் பால் சேரும் சிரட்டையில் முடியும். "ஏன் இப்படி?" என்றால், "இப்படித்தான் வெட்ட வேண்டும்" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடலாம். "அண்ணே, மறுபக்கமாகச் சரித்து வெட்டினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். பால் குறையும் என்பார். பட்டைக்குள் பால்குழாய்கள் நேர் செங்குத்தாக ஏறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. அதனால் இடமேலிருந்து வலக்கீழாகச் செல்லும் வெட்டு கூடுதல் குழாய்களை அறுக்கிறது. விடியுமுன் வெட்டுவதற்கும் காரணம் உண்டு: வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் பட்டைக்குள் அழுத்தம் குறைந்து, பால் வடிவதும் குறையும். விளைவைக் கேட்டால் தொழிலாளியின் அனுபவம் தானாகப் பேச்சில் வரும்.

போட்டோ எடுத்ததும் பார்த்தாகிவிட்டது என்று நினைப்பதும் தவறுதான். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் பச்சை வறண்டு, காற்றாலைகள் நிறைவதை பஸ் ஜன்னல் வழியாகவே காணலாம். படத்தோடு நிறுத்தாமல் ஏன் என்றும் கேளுங்கள்: மலைகளுக்கு இடையே புகும் காற்று வேகமெடுப்பதால்தான் அவை அங்கே நிற்கின்றன.

கடைசியாக ஒன்று: புரிந்துவிட்டது என்று தோன்றியதைச் சோதிக்காமல் விடுவது. மாலையில் கதிரவன் மறையும் வேளையில் நிலவு உதிப்பது சித்ரா பௌர்ணமிக்கே உரியது என்று பலர் நம்புகிறார்கள். பௌர்ணமி என்றாலே நிலவு கதிரவனுக்கு எதிர்ப்புறம் இருக்கும். ஆகவே எல்லாப் பௌர்ணமியிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. காலண்டரில் அடுத்த பௌர்ணமியைப் பார்த்து, வானம் தெளிவாக இருந்தால் கடற்கரைக்குப் போங்கள். ஒன்று மறைவதற்கும் மற்றொன்று எழுவதற்கும் இடையே எத்தனை நிமிடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அந்தக் கணக்கு மாறியிருக்கும். ஏன் மாறியது என்று அப்போது தேடலாம்.